மான்டக்யூட் மாளிகை: கட்டியவர்களும் காத்தவர்களும்

நிறுவன வரலாறு எழுதுகிறவர்கள் நிறுவியவரின் பெயரிலிருந்து தொடங்குவார்கள். இந்த வரலாற்றை ஒரு விலையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். 1929-ஆம் ஆண்டு, தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் இருக்கும் மான்டக்யூட் மாளிகை விலைக்கு வந்தது. எலிசபெத் அரசியின் கடைசிக் காலத்தில் கட்டத் தொடங்கிய வீடு. முந்நூறு ஆண்டு நின்ற அந்தக் கல் வீட்டை இடித்தால் கல்லும் ஈயமும் மரமுமாக என்ன தேறும் என்று கணக்குப் போட்டார்கள். 5,882 பவுண்டு என்று விடை வந்தது.

அந்தக் காலத்தில் அது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. இங்கிலாந்து முழுவதும் நூற்றுக்கணக்கான பெரிய வீடுகள் அப்படித்தான் கணக்குப் போடப்பட்டு, இடிக்கப்பட்டு, வண்டியேறிப் போயின. மான்டக்யூட் தப்பியது. அது எப்படித் தப்பியது, யார் யார் கை கொடுத்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பழங்கட்டடப் பாதுகாப்பை மையமாக வைத்து வரும் இந்த மலரில், கட்டியவரைவிடக் காத்தவர்களுக்குக் கூடுதல் இடம் கொடுப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு மேற்கே சற்றுத் தொலைவில் ஹாம் ஹில் என்றொரு குன்று இருக்கிறது. இரும்புக் காலத்து மக்கள் அதன் உச்சியில் மண்கரை எழுப்பிக் கோட்டை கட்டியிருந்தார்கள். பிரிட்டனில் அந்த வகைக் கோட்டைகளில் மிகப் பெரியவற்றுள் அது ஒன்று. அந்தக் குன்றிலிருந்து வெட்டியெடுக்கும் கல், ஜுராசிக் காலத்துக் கடலடியில் சிப்பித் துண்டுகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். அதில் கலந்திருக்கும் இரும்புச் சத்தால் கல்லுக்குத் தேன் நிறம். கிட்டப் போய்ப் பார்த்தால் நொறுங்கிய சிப்பிகளின் விளிம்புகள் மேற்பரப்பில் சொரசொரவென்று தெரியும். அடுக்கு அடுக்காகச் சாய்ந்த கோடுகளும், நடுநடுவே மழையும் காற்றும் அரித்துக் குடைந்த பள்ளங்களும் தெரியும். மென்மையான அடுக்கு முதலில் கரைந்துபோக, கெட்டியான அடுக்கு துருத்திக்கொண்டு நிற்கும்.

சுண்ணாம்புக்கல் வேலை செய்யும் கல்தச்சர்களுக்குள் ஒரு விதி உண்டு. கல் பூமிக்குள் எந்தக் கிடையில் படுத்திருந்ததோ, அதே கிடையில்தான் சுவரிலும் படுக்க வேண்டும். அதை மாற்றிச் செங்குத்தாக நிறுத்திவிட்டால் சில தலைமுறைக்குள் ஏடு ஏடாக உரிந்து விழும். குவாரியிலிருந்து வந்த புதிதில் கல்லுக்குள் ஈரம் இருக்கும். உளி எளிதாக இறங்கும். காற்றுப்பட்டு உலர்ந்த பிறகு மேற்பரப்பு இறுகிவிடும். அதனால் நுணுக்க வேலை எல்லாவற்றையும் ஈரம் காய்வதற்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். மான்டக்யூட்டின் முகப்பில் காணும் சிற்ப வேலையெல்லாம் இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது.

கட்டுவித்தவர் சர் எட்வர்ட் ஃபெலிப்ஸ். ஃபெலிப்ஸ் குடும்பம் 15-ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்த ஊரில் இருந்தது. எட்வர்ட் வழக்கறிஞராகி, சம்பாதித்து, அரசியலில் ஏறினார். 1604-இல் நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகர் ஆனார். நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சதி செய்த கை ஃபாக்ஸ் முதலானோர்மீது 1606-இல் நடந்த வழக்கில், அரசுத் தரப்பில் எழுந்து முதலில் பேசியவர் அவரே. 1611-இல் உயர்ந்த நீதிப் பதவியும் கிடைத்தது. 1614-இல் இறந்தார். வீடு ஏறக்குறைய 1598-இல் தொடங்கி 1601 அளவில் முடிந்ததாகக் கொள்கிறார்கள். ஆகவே பெரிய பதவிகள் வருவதற்கு முன்பே வீடு எழுந்துவிட்டது. வரப்போகும் உயர்வுக்கு ஏற்றபடி முன்கூட்டியே வீட்டைக் கட்டிவைத்த மனிதர் அவர்.

வடிவமைத்தவர் யார் என்பதற்குக் கையெழுத்திட்ட ஆவணம் கிடைக்கவில்லை. ஆனால் வேலையின் கைவண்ணத்தை வைத்து வில்லியம் அர்னால்ட் என்ற உள்ளூர்த் தலைமைக் கல்தச்சரின் பெயரை அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் வாடம் கல்லூரியைக் கட்டியவர் அவர். கட்டடத்தை வரைகிறவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர் என்ற பிரிவினை அன்று அங்கே வேரூன்றவில்லை. உளி பிடித்த கையே வரையவும் செய்தது. நம் ஸ்தபதி மரபை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

வீட்டின் முதல் முகப்பு கிழக்கு நோக்கியது. மூன்று அடுக்கு, மேலே வளைந்து நெளிந்து இறங்கும் முகட்டுச் சுவர்கள், அவற்றுக்குப் பின்னால் தூண் வடிவத்தில் செதுக்கிய புகைபோக்கிகள். சுவரில் கல்லைவிடக் கண்ணாடி அதிகமோ என்று தோன்றும் அளவுக்குச் சன்னல்கள். கண்ணாடி அப்போது விலை மிகுந்த பொருள். அத்தனை சன்னல் வைப்பது, வீட்டுக்காரரின் செல்வத்தைத் தெருவில் போகிறவருக்கும் அறிவிப்பதுதான். காலை வெயில் அந்த முகப்பில் விழும்போது கல்லின் தேன் நிறமும் கண்ணாடியின் பளபளப்பும் சேர்ந்து வீடே ஒளி விடுகிறது.

மேல்தளத்துச் சன்னல்களுக்கு இடையே மாடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வீரர் சிலை, ரோமானியப் போர்வீரர் உடையில். மொத்தம் ஒன்பது பேர். யோசுவா, தாவீது, யூதா மக்கபே என்று யூத மரபிலிருந்து மூவர். ஹெக்டர், அலெக்சாண்டர், ஜூலியஸ் சீசர் என்று பழைய கிரேக்க, ரோமானிய உலகிலிருந்து மூவர். ஆர்தர், சார்லமேன், காட்ஃப்ரே என்று கிறித்தவ மரபிலிருந்து மூவர். ஐரோப்பா நூற்றாண்டுகளாக வீரத்தின் இலக்கணமாகப் போற்றிய ஒன்பது பெயர்கள் இவை. நானூறு ஆண்டு மழையில் முகங்கள் தேய்ந்திருக்கின்றன. ஆனாலும் நிற்கும் தோரணை குலையவில்லை.

முகப்புக்கு முன்னால் சுற்றுச்சுவருடன் கூடிய முற்றம். அதற்கு ஒரு வாயில் மாளிகையும் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். முற்றத்தின் இரண்டு மூலைகளிலும் இருக்கும் சிறு மண்டபங்கள் மிஞ்சின. நெளிவான கூரை, எல்லாப் பக்கமும் சன்னல், ஒரு சிலர் உட்கார்ந்து பேசும் அளவு. என் கண்ணுக்கு மொத்த மாளிகையிலும் மிக அழகான வேலை அந்த இரண்டு மண்டபங்கள்தான். பெரிய வீட்டின் கம்பீரம் பிரமிக்க வைக்கிறது. இவை மனத்தை இழுக்கின்றன.

உள்ளே கீழ்த்தளத்தில் பெருங்கூடம். அதன் ஒரு முனையில் கல்லால் செதுக்கிய தடுப்பு. மறு முனையில், சுவரின் மேற்புறத்தில், சுதையால் செய்த ஒரு நீண்ட புடைப்புக் காட்சி. அதன் முன்னால் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கிராமத்து வீடு ஒன்று. கணவன் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பீப்பாயிலிருந்து திருட்டுத்தனமாகக் குடிக்கப் பிடிக்கிறான். பின்னால் வந்த மனைவி செருப்பைக் கழற்றி அவன் தலையில் ஓங்குகிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுகிறார்கள். அடுத்த காட்சியில் ஒரு கம்பத்தின் மேல் ஆளை உட்காரவைத்து, வாத்தியம் முழங்க, ஊரார் தூக்கிப் போகிறார்கள். பெண்டாட்டியிடம் அடி வாங்கியவனை ஊர்வலம் விட்டு அவமானப்படுத்தும் அந்த வழக்கத்துக்கு ஸ்கிம்மிங்டன் என்று பெயர். மேலே முகப்பில் அலெக்சாண்டரும் சீசரும். உள்ளே விருந்தினர் நுழையும் கூடத்தில் செருப்படி வாங்கும் குடியானவன். இரண்டையும் ஒரே வீட்டில் இடம்பெறச் செய்தவர்களின் மனம் விசாலமானது.

மாடிக்குப் போகும் படிக்கட்டு முழுவதும் கல். அகலமான படிகள், ஒவ்வொன்றும் ஒரே கல்லில் அமைந்தவை. முதல் தளத்தில் பெருஞ்சபை அறை. வீட்டின் மிகச் சிறந்த அறை அது. பிற்காலத்தில் நூலகமாக மாறியது. அதன் சன்னல் கண்ணாடிகளில் அரச குலத்தின், ஃபெலிப்ஸ் குடும்பத்தின், சுற்றுவட்டாரத்துப் பெரிய குடும்பங்களின் சின்னங்கள் வண்ணத்தில் பதிந்திருக்கின்றன. உறவும் நட்பும் அந்தஸ்தும் யாரோடு என்பதைக் கண்ணாடியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, உச்சித் தளத்தில் நீள்கூடம். வீட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 172 அடி. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் நீள்கூடங்களில் இதுவே மிக நீளமானது. இரு முனைகளிலும் வெளியே துருத்திய பெரிய சன்னல்கள். மழையும் குளிரும் மிகுந்த நாட்டில் வெளியே நடக்க முடியாத நாட்களில் உலாவுவதற்கென்றே இப்படிக் கூடங்கள் கட்டினார்கள். ஃபெலிப்ஸ் வீட்டுக் குழந்தைகள் மட்டக்குதிரைகளைக் கல்படிகள் வழியே மேலே ஏற்றி, இந்தக் கூடத்தில் ஓட்டி விளையாடினார்கள் என்று ஒரு செய்தி வழிவழியாக வருகிறது. அந்தப் படிகளின் அகலத்தைப் பார்த்தவர்கள் அதை நம்பத் தயங்க மாட்டார்கள்.

சர் எட்வர்டின் மகன் ராபர்ட்டும் நாடாளுமன்றத்தில் பெயர் பெற்றவர். அரசரின் விருப்பத்துக்கு எதிராகப் பேசியதால் லண்டன் கோபுரச் சிறையிலும் இருந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பிரபுக்களாகவே வாழ்ந்தார்கள். அரசியலில் உயரம் குறைந்தது. வீட்டை மாற்றிக் கட்டப் பணமும் இல்லை. இந்த வீடு பழைய உருவம் கெடாமல் நமக்குக் கிடைத்ததற்கு அந்தக் குறைவும் ஒரு காரணம். செல்வம் கொழித்த வீடுகள் பல, 18-ஆம் நூற்றாண்டின் புதுப் பாணியில் முகம் மாறிப்போயின.

ஒரே ஒரு பெரிய மாற்றம் 1786-இல் நடந்தது. அதைச் செய்தவர் பெயரும் எட்வர்ட் ஃபெலிப்ஸ்தான். பக்கத்து டார்செட் மாவட்டத்தில் கிளிஃப்டன் மேபேங்க் என்ற பழைய மாளிகையின் பகுதிகளைப் பிரித்து விற்றார்கள். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் அலங்கார முகப்பை எட்வர்ட் விலைக்கு வாங்கினார். கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து, மான்டக்யூட்டின் மேற்குப் பக்கத்தில் இரண்டு இறக்கைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் பொருத்தினார். இதனால் இரண்டு காரியம் நடந்தது. பழைய அமைப்பில் ஓர் அறைக்குள் புகுந்துதான் அடுத்த அறைக்குப் போக முடியும். புது முகப்புக்கும் பழைய சுவருக்கும் இடையே நடைவழி கிடைத்ததால் அந்தத் தொல்லை ஒழிந்தது. வாசலும் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாறியது.

புதுப் பாணியில் ஒரு முகப்பைக் கட்டுவதே அன்றைய நாகரிகம். அந்த மனிதர், தன் வீட்டைவிடப் பழைய முகப்பைத் தேடி எடுத்துவந்து வைத்தார். அவர் வாங்காமல் விட்டிருந்தால் அந்தச் செதுக்கல்கள் எங்கோ தோட்டச் சுவருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கல்லாகப் போயிருக்கலாம். பழங்கட்டடப் பாதுகாப்பு என்ற பேச்சே இல்லாத காலத்தில் நடந்த பாதுகாப்பு என்று இதைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனின் நிலவுடைமைக் குடும்பங்கள் ஆட்டம் கண்டன. அமெரிக்காவிலிருந்து வந்த மலிவான தானியத்தால் 1870-களிலிருந்து நிலத்தின் வருமானம் சரிந்தது. 1894-இல் இறந்தவர் சொத்தின் மேல் புதிய வரி வந்தது. ஃபெலிப்ஸ் குடும்பத்துக்கு இவற்றோடு சூதாட்டமும் சேர்ந்தது; வில்லியம் ஃபெலிப்ஸ் நிலங்களை அதில் தொலைத்தார். அவர் மகன் வெள்ளிப் பாத்திரங்களையும் ஓவியங்களையும் விற்றுப் பார்த்தார். போதவில்லை. 1911-இல் ஆண்டுக்கு 650 பவுண்டுக்கு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் குடும்பம் வெளியேறியது. திரும்பி வந்து குடியேறவே இல்லை.

1915-இல் வாடகைக்கு வந்தவரை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கர்சன் பிரபு. 1905-இல் வங்கத்தைத் துண்டாடிய வைசிராய் என்றுதான் நம் பாடப் புத்தகங்கள் அவரைச் சொல்கின்றன, அது நியாயம். ஆனால் அதே மனிதர்தான் நலிந்துகிடந்த இந்தியத் தொல்லியல் துறைக்கு உயிர் கொடுத்து, 1902-இல் ஜான் மார்ஷலை அதன் தலைமைக்குக் கொண்டுவந்தார். 1904-இல் பழங்கால நினைவுச்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தையும் இயற்றினார். நம் நாட்டில் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம், அதன் வேரைத் தேடிப்போனால் அந்தச் சட்டத்தில்தான் முடியும்.

இங்கிலாந்து திரும்பிய பிறகும் அவர் விடவில்லை. லிங்கன்ஷயரில் டாட்டர்ஷல் கோட்டையின் பழைய கணப்படுப்புகளைப் பெயர்த்தெடுத்து அமெரிக்காவுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தபோது, 1911-இல் கோட்டையையே வாங்கினார். கணப்படுப்புகளைத் தேடிப் பிடித்து, பழைய இடத்திலேயே திரும்பப் பதித்தார். அந்த விவகாரத்தின் தொடர்ச்சியாகத்தான் 1913-இல் பிரிட்டனின் நினைவுச்சின்னச் சட்டம் வலுவடைந்தது. ஆளப்பட்ட நாட்டில் முதலில் கடுமையான சட்டம், ஆண்ட நாட்டில் ஒன்பது ஆண்டு கழித்து. வரலாற்றில் இது கவனிக்க வேண்டிய வரிசை.

மான்டக்யூட்டில் கர்சன் தன் படுக்கையறைக்குள்ளேயே, மர அலமாரி போலத் தெரியும் மறைவிடத்தில் ஒரு குளியல் தொட்டியைப் பொருத்தினார். இன்றும் அது இருக்கிறது. வீட்டின் பழைய தோற்றம் கெடாமல் புது வசதியைச் சேர்க்க அவர் கண்ட வழி அது. வீட்டைச் சீர்படுத்தி அலங்கரிக்கும் வேலையை அவருடைய தோழியும் புகழ்பெற்ற நாவலாசிரியையுமான எலினார் கிளின் மேற்பார்த்தார். கர்சன் வேறொரு பெண்ணை மணக்கப்போகும் செய்தியை, 1916-ஆம் ஆண்டு இறுதியில், செய்தித்தாளைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். அந்த வீட்டுக்கு அவ்வளவு உழைத்தவருக்கு நேர்ந்தது அது.

1923 மே மாதம், பிரதமர் போனார் லா நோயால் பதவி விலகினார். அடுத்த பிரதமர் தானே என்று கர்சன் நம்பியிருந்தார். அப்போது அவர் மான்டக்யூட்டில் இருந்தார். வீட்டில் தொலைபேசி கிடையாது. லண்டனுக்கு வரச்சொல்லி அரண்மனையிலிருந்து தந்தி வந்தது. பிரதமர் பதவிக்குத்தான் அழைப்பு என்று எண்ணி ரயிலேறினார். அங்கே போனதும், பால்ட்வின் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார் என்று சொன்னார்கள். 1925-இல் கர்சன் இறந்தார். டாட்டர்ஷல் கோட்டையையும் போடியம் கோட்டையையும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார். மான்டக்யூட் அவருக்குச் சொந்தமில்லாததால் அந்தப் பட்டியலில் வரவில்லை. நான்கு ஆண்டில் அது சந்தைக்கு வந்தது. ஃபெலிப்ஸ் குடும்பத்தின் உருவப்படங்கள் தவிர மற்றச் சாமான்கள் எல்லாம் கலைந்தன. காலி வீடு இரண்டு ஆண்டு வாங்குவாரின்றிக் கிடந்தது.

1931-இல் எர்னஸ்ட் குக் வாங்கினார். உலகமறிந்த பயண நிறுவனத்தைத் தொடங்கிய தாமஸ் குக்கின் பேரன். அவரும் அவர் சகோதரரும் 1928-இல் அந்த நிறுவனத்தை விற்றிருந்தார்கள். கைக்கு வந்த செல்வத்தைப் பழைய வீடுகளையும் நிலங்களையும் காப்பாற்றச் செலவிட்டார் எர்னஸ்ட். விளம்பரத்தை விரும்பாதவர். மான்டக்யூட்டை வாங்கித் தான் குடியேறவில்லை. பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் கையில் கொடுத்தார்.

அந்தச் சங்கம் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் தொடங்கியது. பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் சுவரைச் சுரண்டி, பிற்காலச் சேர்க்கைகளை நீக்கி, இருந்திராத ஒரு பழைமையைப் புதிதாகப் படைத்துக்கொண்டிருந்தார்கள். அதை எதிர்த்து எழுந்தது இந்தச் சங்கம். கட்டடத்தை அவ்வப்போது பழுதுபார்த்துக்கொண்டே இரு. அதன் வயதை அழிக்காதே என்பது அவர்கள் கொள்கை. மென்மையான பழங்கல்லுக்கு இடையே சிமென்டைப் பூசினால், கல்லைவிடச் சிமென்ட் கெட்டியாகி, நீரை வெளியே விடாமல் அடைத்து, கடைசியில் கல்லே உதிர்கிறது. சுண்ணாம்புக் காரை என்றால் ஈரத்தை வெளியே விடும். தேய்ந்தால் காரைதான் தேயும், கல் தப்பிக்கும். நம் கோயில்களில் மணல் பீய்ச்சித் தூண்களைத் தேய்த்த கொடுமையையும், சிமென்ட் பூசிய விமானங்களையும் பார்த்து நொந்தவர்கள், மாரிஸின் கோபத்தை உடனே புரிந்துகொள்வார்கள்.

சங்கத்திடமிருந்து வீடு நேஷனல் டிரஸ்ட்டுக்குப் போனது. 1895-இல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய மூவர் நிறுவிய அமைப்பு அது. அது வாங்கிய முதல் கட்டடம், ஆல்ஃப்ரிஸ்டனில் இருக்கும் பழைய பாதிரியார் வீடு. 1896-இல் பத்துப் பவுண்டு விலை. 1907-இல் நிறைவேறிய சட்டம், டிரஸ்ட் தன் சொத்துகளை எவருக்கும் விற்க முடியாதவை என்று அறிவிக்கும் உரிமையைத் தந்தது. அப்படி அறிவித்த சொத்தை, நாடாளுமன்றத்தின் தனி ஒப்புதல் இல்லாமல் அரசும் எடுத்துக்கொள்ள முடியாது. வாரிசுச் சண்டையோ கடனோ வரியோ எட்டாத இடத்தில் ஒரு கட்டடத்தை வைக்கும் ஏற்பாடு இது.

ஆனால் பெரிய வீடுகள் என்றால் டிரஸ்ட்டுக்கு உள்ளூர அச்சம். அதே 1907-இல், இதே சாமர்செட்டில், இதே ஹாம் கல்லில் கட்டிய பேரிங்டன் கோர்ட் மாளிகையை வாங்கி, பழுதுபார்க்கும் செலவில் மூச்சுத் திணறியிருந்தார்கள். 1920-இல் சர்க்கரைத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த கர்னல் ஆர்தர் லைல் குத்தகைக்கு எடுத்துச் சீர்செய்த பிறகே அந்தப் பாரம் இறங்கியது. அந்த வடு ஆறாத நிலையில்தான் மான்டக்யூட் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டே, 1932-இல், பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தார்கள். உள்ளே காட்ட ஏறக்குறைய எதுவுமில்லை; வெறும் சுவர்களும் சன்னல்களும். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் தன் அரும்பொருள்கள் சிலவற்றைக் குண்டுவீச்சிலிருந்து காக்க இங்கே கொண்டுவந்து வைத்தது.

வெறுமையைப் போக்கியவர் சர் மால்கம் ஸ்டூவர்ட் என்ற தொழிலதிபர். 1960-இல் அவருடைய மரச்சாமான்களும் திரைச்சீலைகளும் உயில் வழியாக இந்த வீட்டுக்கு வந்தன. அவற்றுள் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூர்னே நகரில் நெய்த ஒரு சீலை, குதிரையேறிய வீரனைப் பூக்கள் நிறைந்த தரையில் காட்டுகிறது. வீட்டைவிடவே நூறாண்டுக்கு மேல் மூத்தது. கிழக்கு முற்றத்தின் பூம்படுகைகளை, பக்கத்து ஊர்த் தோட்டக்கலை அறிஞர் ஃபிலிஸ் ரெய்ஸ், தேன் நிறக் கல்லுக்கு ஈடுகொடுக்கும் அடர்ந்த நிறங்களில் அமைத்தார். வெளிர் நிறப் பூக்கள் அந்தச் சுவருக்கு முன்னால் சோபிக்காமல் போயிருந்தன.

நீள்கூடத்துக்கு என்ன செய்வது என்பது நெடுங்காலம் கேள்வியாகவே இருந்தது. 172 அடியை மரச்சாமானால் நிரப்ப முடியாது. 1975-இல் லண்டனின் தேசிய உருவப்படக் காட்சியகத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. காட்சியகத்தின் சேமிப்பில் டியூடர், ஜேக்கபியன் காலத்துப் படங்கள் மாட்ட இடமின்றிக் கிடந்தன. மான்டக்யூட்டில் அந்தக் காலத்துச் சுவர் படமின்றிக் கிடந்தது. எட்டாம் ஹென்றி முதல் முதலாம் ஜேம்ஸ் வரையிலான காலத்து முகங்கள் இங்கே வந்தன. சர் எட்வர்ட் நேரில் கண்டு பேசியவர்களும், அவர் அஞ்சியவர்களும், அவர் வாதாடி வீழ்த்த நினைத்தவர்களும் வாழ்ந்த காலமும் அதில் அடங்கும். உலாவும் கூடங்களில் உருவப்படம் மாட்டுவது அந்தக் காலத்து வழக்கமே. ஆகவே அருங்காட்சியகமாக மாறியும் கூடம் தன் பழைய வேலையைத்தான் செய்கிறது.

1995-இல் வெளிவந்த சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி திரைப்படத்துக்கும், 2015-இல் வந்த வுல்ஃப் ஹால் தொலைக்காட்சித் தொடருக்கும் இங்கே படப்பிடிப்பு நடந்தது. அவற்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. எதற்காக வந்தாலும், கிழக்கு முற்றத்துக்குப் போய் அந்த மூலை மண்டபங்களில் ஒன்றின் அருகே நின்று முகப்பைப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு மேற்கே போய், கிளிஃப்டன் மேபேங்கிலிருந்து வந்த கற்கள் பழைய சுவரோடு சேரும் இடத்தைத் தேடிப் பாருங்கள்.